செயற்கை மூட்டின் மேல் ஒட்டும் பூச்சு எதற்கு?

டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் தங்கள் அத்தைக்கு வைக்கவிருக்கும் செயற்கை இடுப்பு மூட்டின் மேல் பூச்சு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் உலோகத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, அதைச் சுற்றி நார்த்திசுவால் உறை கட்டிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் எலும்பு உலோகத்தைப் பற்றாமல், மூட்டு நாளடைவில் தளரும். அதைத் தவிர்க்க, எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட்டை மூட்டின் தண்டில் (தொடை எலும்புக்குள் செருகும் பகுதியில்) பூசும் முறை 1980களிலிருந்து வழக்கத்தில் உள்ளது.

இன்னொரு வகையான ஒட்டும் பூச்சுகளுக்கு வழிகாட்டியது, நம் நேட்டால் கடற்கரைப் பாறைகளிலும், அலை எத்தனை அறைந்தாலும் பிடி விடாத மசல் சிப்பி. அதன் இழைகளின் நுனிப் புரதத்தில் டோபா என்னும் அமினோ அமிலம் மிகுதி. அது ஈரப் பரப்பிலும் பிணையும். 2007இல் வெளியான முறைப்படி, டோபாவை ஒத்த டோபமைன் என்னும் பொருளின், சற்றே காரத்தன்மையுள்ள கரைசலில் உலோகத்தை ஊறவைத்தாலே மெல்லிய படலம் படியும். செல்களை ஈர்க்கும் பெப்டைடுகளை (குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகளை) அதன்மேல் பிணைக்கலாம். இந்த ஒட்டும் பூச்சு பெரும்பாலும் ஆய்வுக்கூட நிலையிலேயே இருப்பதால், தண்டை எலும்புச் சிமென்ட் கொண்டு பொருத்துவார்களா என்பதையே மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். சிமென்ட் என்றால் பூச்சுக்குப் பொதுவாக வேலையில்லை.