மாதர் சங்கமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் மாதர் சங்கம் நிதி திரட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவுகிறது. வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பேசி, மேற்படிப்புக்கு வழிகாட்டவும் செய்கிறோம். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், சங்கத்தின் கணக்கு என் பொறுப்பு. தங்கள் ஊரிலும் இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (இல்லத்தரசி, சிவகாசி): அக்கா, எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து பக்கத்துப் பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறோம். நோட்டு, பை, சீருடை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், தங்கச்சி. பாடநூல், நோட்டு, பை, காலணி, எட்டாம் வகுப்பு வரை சீருடை, பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் என்று நிறைய அரசே கொடுக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் கொடுக்கும் இரண்டாவது பை வீட்டு ஆணியில் தொங்கும்.

உண்மையில் காசு முட்டுவது சின்னச் சின்னச் செலவுகளில்தான். தேர்வு மையம் வெளியூரில் இருந்தால் பஸ் செலவு, கூடப் போகும் அம்மாவுக்கு அன்றைய கூலி நஷ்டம். விண்ணப்பக் கட்டணம், போட்டோ, சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு அலைச்சல். சாயங்கால வகுப்பில் உட்காரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சுண்டல்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு வரும் முதல் மாதம். விடுதிக்கு முன்பணம், பெட்டி, போர்வை, நாலு நல்ல உடை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024-இல் அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேருவதற்கு முன் தேவைப்படும் சில ஆயிரம் ரூபாய்க்கு வழியில்லாமல், கிடைத்த இடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் முதல் நிதியை இதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி (தையல்காரர், தென்காசி): பதிவு செய்வது கட்டாயமா? டிரஸ்ட் நல்லதா, சங்கம் நல்லதா?

பதில்: ஒரு சிலர் மட்டும் உங்களுக்குள் கொஞ்சம் கைக்காசு போட்டு உதவினால் பதிவு தேவையில்லை. வெளியாரிடம் நன்கொடை கேட்க ஆரம்பித்தால் பதிவு செய்துவிடுங்கள். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடம் ஒரு பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும். வேலை குறைவுதான், ஆனால் அதிகாரம் சிலர் கையிலேயே நின்றுவிடும். பெண்கள் கூடிப் பேசி, சண்டை போட்டு, முடிவெடுத்துப் பழக வேண்டும் என்று நினைப்பதால் நான் சங்கத்தைத்தான் சொல்வேன்.

எதுவானாலும் வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்து போடட்டும். தலைவியின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அவர் தங்கமானவராகவே இருந்தாலும் ஒருநாள் பேச்சு வரும். பேச்சு வந்தால் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள் முதலில் செய்வது, "இனிமே அங்க போகாதே" என்று சொல்வதுதான்.

கேள்வி (சுய உதவிக் குழு உறுப்பினர், தர்மபுரி): எங்கள் குழுவில் சேமிப்பு நிறைய இருக்கிறது. அதிலிருந்தே எடுத்துச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். 1989-இல் உங்கள் மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் குழு இயக்கமே தொடங்கியது. அந்தச் சேமிப்பின்மேல் உறுப்பினர்களின் கடனும் வங்கியின் நம்பிக்கையும் நிற்கின்றன. இதற்குத் தனி உண்டியல், தனிக் கணக்கு, தனி நோட்டு வையுங்கள்.

கேள்வி (பேக்கரி நடத்துபவர், சாத்தூர்): நிதி திரட்ட எது நல்ல வழி? குலுக்கல் சீட்டு போட்டால் சீக்கிரம் சேரும் என்கிறார்கள்.

பதில்: குலுக்கல் சீட்டுப் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கு என்றாலும் போலீஸ் வந்து நின்றால் பதில் சொல்ல முடியாது. பிள்ளைகள் பெயரில் சூதாட்டம் போன்ற ஒன்றை நடத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்களுக்குக் கைகொடுப்பது தீபாவளிப் பலகாரம். முறுக்கு, அதிரசம், கருப்பட்டி மிட்டாய், காராச்சேவு. புரட்டாசியிலேயே முன்பணம் வாங்கி, ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் போடுவோம். மிச்சம் விழுந்தால் லாபம் அதிலேயே போய்விடும். எண்ணெய் விலையையும் கேஸ் செலவையும் எழுதுங்கள், அடுப்படியில் நிற்கும் பெண்களின் உழைப்பையும் எழுதுங்கள். கூலி வாங்கிப் பிழைக்கிறவர் அதில் இருந்தால் கூலி கொடுத்தே ஆக வேண்டும். இலவசமாகச் செய்ய வசதி இருப்பவர் செய்யட்டும். விற்பதற்கு முன் சிறு வியாபாரிகளுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துவிடுங்கள்.

ஆனால் சங்கத்தைத் தாங்குவது பலகாரம் இல்லை, மாதச் சந்தா. நூறு ரூபாய் தருகிற நூறு பேர் இருந்தால் மாதம் பத்தாயிரம் நிச்சயம் வரும். அதை நம்பித்தான் ஒரு பிள்ளைக்கு "மூணு வருஷமும் நாங்க இருக்கோம்" என்று வாக்குக் கொடுக்க முடியும்.

கேள்வி (புதுக்கோட்டை): எங்கள் ஊரில் விருந்து வைத்து மொய்ப் பணம் சேர்க்கும் மொய் விருந்து வழக்கம் உண்டு. அதை இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: அருமையான யோசனை. 2024-இல் வயநாடு நிலச்சரிவு நிவாரணத்துக்குத் திண்டுக்கல்லில் மொய் விருந்து நடத்தினார்கள். ஒன்றே ஒன்று, இது திருப்பிச் செய்ய வேண்டாத மொய் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கேள்வி (துபாயில் வேலை பார்ப்பவர்): அக்கா, நானும் சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிய என் அண்ணனும் பணம் அனுப்பலாமா? வரிவிலக்கு உண்டா?

பதில்: தம்பி, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நீங்கள் உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அண்ணன் சிங்கப்பூர் குடிமகன் ஆகிவிட்டதால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு மத்திய உள்துறையின் அனுமதி இருக்க வேண்டும், சின்னச் சங்கங்களுக்கு அது எட்டாது. சொந்த அண்ணன்தானே என்று உங்கள் கணக்கு வழியாகச் சுற்றிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வது இங்கே இருக்கிற பெண்கள். வரிவிலக்கு, சங்கம் வருமான வரித் துறையிடம் 80ஜி பதிவு வாங்கியிருந்தால்தான், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடைக்காது.

கேள்வி (பட்டாசு ஆலைத் தொழிலாளி, வெம்பக்கோட்டை): நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வழிகாட்ட என்னைச் சேர்ப்பீர்களா?

பதில்: உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும், தாயி. பாடம் நடத்துவது ஆசிரியர் வேலை. வழிகாட்டுகிறவரின் வேலை வேறு. சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். போன வாரம் அந்தப் பிள்ளை சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்க வேண்டும். கணக்குப் பரீட்சை என்ன ஆச்சு, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா என்று வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் கேட்பதே பல பிள்ளைகளுக்குப் புதிது. நிதி திரட்டுவதைவிட இதுதான் கஷ்டம். பணம் கொடுக்கப் பலர் வருவார்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறவர்கள் குறைவு.

இரண்டாவது வேலை, தேதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் தேர்வு இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50). தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய். இது தெரியாமலே எட்டாம் வகுப்பைத் தாண்டிவிடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடி ஓடி எடுக்கக் கூடாது, அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது என்பதைப் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பத்தாவது முடித்து ஐடிஐ, பாலிடெக்னிக் போவதை யாரும் மட்டமாகப் பேச விடாதீர்கள். இவ்வளவையும் ஒரு காலண்டரில் குறித்துவைத்து நினைவூட்ட, படிப்பைவிட அக்கறைதான் முக்கியம்.

கேள்வி (ஆசிரியை, விருதுநகர்): பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்?

பதில்: டீச்சர், சங்கம் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சந்திப்பு பள்ளி வளாகத்தில், கதவு திறந்திருக்கும் அறையில், குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கும்போது மட்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப் கிடையாது, வீட்டுக்கு அழைப்பது கிடையாது, வண்டியில் ஏற்றிப்போவது கிடையாது. புதிதாகச் சேர்கிறவர் எவ்வளவு தெரிந்தவரானாலும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வாங்க வேண்டும்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், மறைப்பது குற்றம். "பிள்ளை பேர் கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிப்போம்" என்று யாராவது சொன்னால், அவர் தலைவியே ஆனாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு என்றாலும் அதே எண்தான்.

கேள்வி (மதுரை): நன்கொடையாளர்கள் போட்டோ கேட்கிறார்கள். பிள்ளைகளை நிற்கவைத்து எடுத்துக் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் தர மாட்டார்களே?

பதில்: தராமல் போகட்டும். மேடையில் கவரோடு நிற்கும் பிள்ளையை மறுநாள் வகுப்பே "ஓசி" என்று கூப்பிடும். நாங்கள் முகமும் பெயரும் இல்லாத செலவுக் கணக்கு அனுப்புகிறோம். எத்தனை பிள்ளைகளுக்கு, எதற்கு, எவ்வளவு, பில் நகலோடு. நல்ல நன்கொடையாளருக்கு அது போதும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை): அரசு செய்ய வேண்டியதைப் பெண்கள் சங்கம் செய்துகொண்டே போனால் அரசு கைகழுவிவிடாதா?

பதில்: ஐயா, இந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் ஆசிரியர் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் கழிப்பறைக்கும் எங்கள் பணம் போகாது. அவற்றைக் கேட்டு வாங்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் பாதிப்பேர் பெண்கள். எங்கள் உறுப்பினர்களில் பெற்றோராக இருப்பவர்கள் அதில் சேர்ந்து தீர்மானம் போட வைக்கிறார்கள். கட்டடமே கட்டிக் கொடுக்க வசதியுள்ளவர்களுக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" என்ற நன்கொடைத் திட்டம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்தியபோது, 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே காலத்தில் அரசு புதுப் பள்ளிகளைத் திறந்தது, ஆசிரியர்களைப் போட்டது. இரண்டும் சேர்ந்து நடந்ததால்தான் பலன். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று ஆகும் நாளில் நாங்கள் பணத்தை நிறுத்திவிட்டு மனுவைத் தூக்குவோம்.

கேள்வி (கயத்தாறு): எந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது? முதல் மூன்று இடம் எடுப்பவர்களையா?

பதில்: அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாரும் உதவுகிறார்கள். நாங்கள் வகுப்பாசிரியரிடம் கேட்பது, அடிக்கடி லீவு போடுகிற பிள்ளை யார் என்று.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த வழிகாட்டி, எட்டயபுரம்): அக்கா, நான் பார்த்துக்கொண்ட பெண் பத்தாவதில் ஒரு பாடம் போனதும் படிப்பை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போனால் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

பதில்: போவதை நிறுத்தாதீர்கள், கண்ணு. ஆனால் தனியாகப் போகாமல், அவள் அம்மாவுக்குப் பழக்கமான உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை படிப்புப் பேச்சே எடுக்க வேண்டாம். வீட்டில் கடன் இருக்கிறதா, வரன் பார்க்கிறார்களா, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா என்பது அம்மாவிடம் பேசினால் தெரிந்துவிடும். ஒரு பாடம்தானே, ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு வரும். அதில் தேறினால் இந்த வருடமே பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாம். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று நாளைக் காலையிலேயே பள்ளியில் கேளுங்கள். கட்டணத்தைச் சங்கம் கட்டிவிடும், ரசீதை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.