ஊட்டி உறைபனி, மேகம்: கேளுங்கள், சொல்கிறேன்

ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவின் உறைபனிப் படங்கள் சுற்ற ஆரம்பித்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் நீலகிரிக்காரன், வானிலையியல் படித்தவன், கொஞ்சம் காய்கறித் தோட்டமும் உண்டு. வரிசை பார்க்காமல் பதில் சொல்கிறேன்.

கே: சார், ஊட்டியில் 4 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். ஆனால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. 4 டிகிரியில் எப்படி உறையும்?

ப: உறையாது. அந்த 4 டிகிரி, தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. புல் இருப்பது தரையில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல்லும் கார் கூரையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டு, மேலேயுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். பெட்டிக்குள் 4 இருக்கும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் ஐஸாகப் படியும். இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி முழுக்கச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் 2637 மீட்டர் உயர தொட்டபெட்டா உச்சியை விட்டுவிட்டு எல்லோரும் தலைகுந்தா, காந்தல் என்று பள்ளமான இடங்களுக்குப் படமெடுக்கப் போகிறார்கள்.

கே: மேகம் இருந்தால் உறைபனி விழாதாமே?

ப: பெரும்பாலும் விழாது. தரை விடுகிற வெப்பத்தை மேகம் வாங்கித் திருப்பி அனுப்பும், ஊருக்கே போர்த்திய கம்பளி மாதிரி. மரத்தடிப் புல் பச்சையாகவே இருப்பதற்கும் இதே காரணம்தான்.

கே: அண்ணா, நீராவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது என்று பள்ளியில் படித்ததோடு சரி. உண்மையில் என்ன நடக்கிறது?

ப: அந்த ஒரு வரியில் பாதிக் கதை விட்டுப்போகிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1850 மீட்டர். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடல் ஈரத்தோடு வந்து இந்தச் சரிவில் மோதினால் ஏறித்தான் ஆக வேண்டும். மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரிகிறது, விரிவதாலேயே குளிர்கிறது, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி (மேலேயுள்ள குளிர் வந்து ஒட்டிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை). 30 டிகிரியில் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மிச்சம் துளியாக வேண்டும். அதற்குக் கடல் உப்பு, புகை, தூசி என்று ஏதாவது ஒரு துகள் வேண்டும், வெறும் சுத்தமான காற்றில் துளி லேசில் உருவாகாது. துளியாகும்போது வெப்பம் வெளியாகும், அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளும். மேகம் மளமளவென்று வளர்வது இதனால்தான்.

கே: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது பர்லியாறு தாண்டினால் பஸ் முன்னாடி ஒன்றும் தெரிவதில்லையே, அது பனிமூட்டமா மேகமா?

ப: மேட்டுப்பாளையத்தில் நிற்பவருக்கு மேகம், பஸ்ஸில் இருக்கும் உங்களுக்குப் பனிமூட்டம். பொருள் ஒன்றுதான்.

கே: மேகத்திலிருக்கும் அவ்வளவு தண்ணீர் ஏன் கீழே விழவில்லை?

ப: விழுந்துகொண்டுதான் இருக்கிறது, நமக்குத் தெரியாத வேகத்தில். ஒரு மேகத்துளி 0.02 மில்லிமீட்டர் அளவு, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாதிரி இறங்கும், ஏறுகிற காற்று அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். பத்து லட்சம் துளி சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. இத்தனைக்கும் ஒரு கன கிலோமீட்டர் சின்ன மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும்!

கே: நவம்பரில் குன்னூரில் கொட்டுகிறது, அவலாஞ்சியில் பெரிதாக இல்லை. ஆடியில் தலைகீழ். ஏன்?

ப: காற்று எந்தப் பக்கச் சரிவில் ஏறுகிறதோ அந்தப் பக்கம் மழை. குன்னூர் கிழக்குப் பக்கம், அவலாஞ்சி மேற்குப் பக்கம். 2009 நவம்பரில் குன்னூர் பக்கமுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ., 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. முன்னது கிழக்குக் காற்று கொடுத்தது, பின்னது மேற்குக் காற்று.

கே: ஊட்டியில் பனிமழை பெய்ததாக வீடியோ வந்ததே?

ப: ஆலங்கட்டி.

கே: உறைபனி விழாமலிருக்கத் தோட்டத்தில் புகை போடலாமா?

ப: பலர் போடுகிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. தரையிலிருந்து போகிற வெப்பத்தைத் தடுக்கப் புகைத் துகள் ரொம்பச் சின்னது, நெருப்புச் சூட்டால் கிடைப்பதுதான் லாபம். அதைவிடப் பகலிலேயே மண்ணை நனைத்து வையுங்கள், ஈர மண் வெயில் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். நாற்றின்மேல் சாக்கோ தழையோ மூடுங்கள்.

கே: பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். உறைபனி பார்க்க முடியுமா?

ப: முந்தின ராத்திரி நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து காற்றும் அடங்கியிருந்தால் அலாரம் வையுங்கள், விடியும்போதே பள்ளத்தாக்கில் நில்லுங்கள், வெயில் பட்டால் சீக்கிரமே கரைந்துவிடும். அப்புறம் ஒரு விஷயம், குளிருக்குப் பயந்து அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. லாட்ஜில் இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள், தருவார்கள்.