சந்தியா, மேம்பாலமா? ட்ரோன் படங்களில் மொடல் தடுமாறும் இடங்கள்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் பல்கலைக்கழக மாணவன். கொழும்பு வீதிகளை மேலிருந்து எடுத்த ட்ரோன் படங்களைத் தானாக வகைப்படுத்தும் மொடல் ஒன்றை இறுதியாண்டுச் செயற்திட்டமாகச் செய்கிறேன். நேர் வீதி, சந்தி, சுற்றுவட்டம், மேம்பாலம் என நான்கு வகைகள். பொதுவில் கிடைக்கும் படத்தொகுப்போடு என் படங்களையும் கலந்து பயிற்றினேன். சோதனையில் 97 சதவீதம் சரியாக வந்தது. போன வாரம் எடுத்த புதுப் படங்களிலோ மேம்பாலத்தைச் சந்தி என்கிறது, கால்வாயை வீதி என்கிறது. பெரிய மொடலுக்கு மாறவா? மொடலை வேகமாகப் பயிற்ற உதவும் ஜிபியூ என்ற கணினிப் பாகத்தை வாங்கவா?

பதில்: தம்பி, மொடலை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் அந்த 97ஐச் சந்தேகப்படுங்கள்.

ட்ரோன் பறந்துகொண்டே எடுக்கும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வரைபடம் தயாரிக்கும் முறையில் பறந்திருந்தால் அடுத்தடுத்த படங்களில் 70, 80 சதவீதம்கூட ஒரே இடமாக இருக்கும். எல்லாவற்றையும் குலுக்கிப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தால், பொரளைச் சந்தியின் ஒரு படம் இந்தப் பக்கமும் அதே சந்தியின் அடுத்த படம் அந்தப் பக்கமும் போய்விடும். மொடல் சந்தியைக் கற்கவில்லை, பொரளையை மனப்பாடம் செய்திருக்கிறது. நானும் ஒரு முறை இதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் மொடல்களை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே படங்களை இடவாரியாகப் பிரியுங்கள். பொரளையும் பம்பலப்பிட்டியும் பயிற்சிக்கு என்றால், கொள்ளுப்பிட்டி முழுவதும் சோதனைக்கு. மதிப்பெண் சட்டென்று இறங்கும். இறங்கட்டும், அதுதான் உங்கள் உண்மையான தொடக்கப் புள்ளி.

அடுத்தது அளவு. உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் எடுத்துப் பழகும் யூசி மெர்செட் என்ற வான்படத் தொகுப்பில் ஒவ்வொரு படமும் 256 பிக்சல் சதுரம். ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். அதாவது ஒரு படத்துக்குள் 77 மீற்றர் அகலமான நிலம், ஒரு சந்தி முழுதாக அடங்கும். உங்கள் ட்ரோனை 100 மீற்றர் உயரத்தில் விட்டால், 20 மெகாபிக்சல் கமராவில் ஒரு பிக்சல் 3 சென்ரிமீற்றர் அளவில் வரும். அதை அப்படியே 256 பிக்சல் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் 8 மீற்றர்கூட இல்லை. ஒரு முச்சக்கர வண்டியும் பாதி பஸ்ஸும் தெரியும், சந்தி தெரியாது. எனவே 2,500 பிக்சல் சதுரமாக வெட்டி, அதை 256க்குச் சுருக்குங்கள். துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றோடொன்று மேவட்டும். இல்லாவிட்டால் வெட்டுக்கோடு சந்தியின் நடுவிலேயே விழும். ஒரு படத்தின் துண்டுகள் எல்லாம் பயிற்சி, சோதனை இரண்டில் ஒரே பக்கம் போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அப்புறம், யூசி மெர்செட்டின் 21 வகைகளில் சுற்றுவட்டம் கிடையாது. அது வேண்டுமென்றால் 2017இல் வந்த ரெசிஸ்க்45 தொகுப்பைப் பாருங்கள். 45 வகைகள், வகைக்கு 700 படங்கள். சந்தி, சுற்றுவட்டம், மேம்பாலம் மூன்றுமே உண்டு.

மேம்பாலத்துக்கு வருவோம். மேலிருந்து பார்த்தால் அதுவும் சந்தியும் ஒரே சிலுவைதான். நம் கண் வித்தியாசம் காண்பது பெரும்பாலும் நிழலால். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த நேரத்தில் இராஜகிரிய மேம்பாலத்தை எடுத்தால் பக்கவாட்டில் நிழலே விழாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ எடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அதே படங்களிலிருந்து எந்த இடம் எவ்வளவு உயரம் என்று காட்டும் மேற்பரப்பு உயர வரைபடத்தைக் கணித்து, படத்தின் சிவப்பு, பச்சை, நீல நிறத் தகவல்களோடு நான்காவதாகக் கொடுக்கலாம். வேலை கூடும், ஆனால் மேம்பாலத்துக்கு இதைவிட நம்பகமான சான்று இல்லை.

கால்வாயை வீதி என்று சொன்னதற்கு மொடலைக் குறை சொல்ல முடியாது. நான்கு பெட்டிதான் கொடுத்தீர்கள், அதில் ஒன்றில் போட்டுத்தானே ஆக வேண்டும்? 'வீதி அல்ல' என்று ஐந்தாவது வகை ஒன்று சேர்த்து, கால்வாய், தட்டையான கூரை, மெரின் டிரைவை ஒட்டி ஓடும் கரையோர ரயில் பாதை எல்லாவற்றையும் அதில் இடுங்கள். பௌத்தாலோக மாவத்தை போல மரங்கள் வீதியை மூடும் இடங்களுக்கு 'மறைந்திருக்கிறது' என்று தனி வகை வைப்பது நல்லது.

மேலிருந்து எடுத்த படத்துக்குத் தலைகால் இல்லை என்பதால் பயிற்சிப் படங்களை 90, 180, 270 பாகை திருப்பியும் கொடுங்கள். கண்ணாடி போல இடவலம் மாற்றினாலும் வகைப்பாட்டுக்குக் குறையில்லை. பின்னாளில் வாகனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் போனால் மட்டும் அதைச் செய்யாதீர்கள், நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். ஒரே சதவீதத்தை நம்பாமல் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள். நூறு துண்டில் எண்பது நேர் வீதி என்றால், கண்ணை மூடி 'நேர் வீதி' என்று சொன்னாலே 80 வந்துவிடும்.

புதுப் படங்கள் எடுக்கப் போகும்போது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபியூ வாங்க வேண்டாம். முன்பே பயிற்றப்பட்ட ரெஸ்நெட்-18 என்ற சிறிய மொடலை எடுத்து, முதலில் கடைசி அடுக்கை மட்டும், பிறகு மெதுவாக மற்ற அடுக்குகளையும் உங்கள் படங்களில் பயிற்றுங்கள். இந்த அளவு வேலைக்கு, இணையவழியே கணினி வசதி தரும் கூகுள் கோலாபின் இலவசக் கணக்கே போதும்.