38 வயதில், ரேட்டிங் இல்லாமல், உள்ளூர் செஸ் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி கேட்டவருக்குப் பொள்ளாச்சி தாண்டிக் கேரள எல்லையோரத்துக் கோபாலபுரம் பக்கம் வீடு. நாலு வருடமாகக் கைபேசியில் ஆடுகிறார். ரேட்டிங், அதாவது போட்டி முடிவுகளை வைத்து ஆட்டக்காரரின் பலத்துக்குத் தரும் எண், இன்னும் இல்லை. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ நடக்கும் ஒருநாள் போட்டிக்குப் போனால் சின்னப் பிள்ளைகளிடம் தோற்று மானம் போகுமோ என்று யோசிக்கிறார்.

தாராளமாகப் போங்கள். பிள்ளைகளிடம் தோற்பீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நான் ஒன்பது வயதுப் பெண்ணிடம் பதினெட்டே நகர்த்தலில் தோற்றவன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை, "அங்கிள், குதிரையை இங்க வச்சிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்க்க ஓடிவிட்டது. அதெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். எனக்கு ஆறாதது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலே.

அதற்கு முன், 'இவன் யார் அறிவுரை சொல்ல' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நான் பயிற்சியாளன் இல்லை, நடுவரும் இல்லை. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். ரேட்டிங் 1508. அதுவும் முழுக்க என் சம்பாத்தியம் இல்லை. 1180-இல் கிடந்தேன். 2024 மார்ச் 1-ஆம் தேதி உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ரேட்டிங்கின் கீழ்வரம்பை 1000-இலிருந்து 1400-க்கு உயர்த்தியபோது, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் 2000 வரை எத்தனை குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக் கொடுத்தது. எனக்கு 820-இல் 328. ஒரு சிப்பாயைக்கூடத் தள்ளாமல் 1508 ஆகிவிட்டேன். வீட்டில் சொன்னதற்கு, "களத்துச் சம்பளமும் இப்படி ஏறுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ரேட்டிங் போட்டி எதுவும் ஆடவில்லை. இருப்பதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்றுதான், வேறு காரணம் இல்லை.

நான் ஆட்டம் கற்றது ஊர் வாசகசாலையில். கேரளம், செஸ் என்றாலே திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சாலைத்தான் சொல்கிறார்கள். செஸ் பழகிக் குடியை விட்ட கிராமம் என்று செய்தியில் வருமே, அது. எங்கள் வாசகசாலையில் அப்படி யாரும் எதையும் விடவில்லை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா கள்ளுக்குப் பேர்போனது. சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்து ஆடியவர்களிடம்தான் நான் ஓப்பனிங் கற்றேன்.

அங்கே ஆடியவர்களில் பாதிப்பேர் மலையாளிகள், பாதிப்பேர் நாம். அதனால் எனக்கு ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது. நம் பக்கம் பலகையின் மூலையில் நிற்பது யானை. மலையாளத்தில் அது தேர். அவர்களுடைய 'ஆன' என்பது நாம் பிஷப் அல்லது மந்திரி என்கிற, குறுக்கே போகும் காய். அவர்களுடைய 'மந்த்ரி' நம் ராணி. ஒரு தமிழ்ப் பையன் "மந்திரியைச் சும்மா கொடுத்துட்டேன்" என்றால், பக்கத்தில் நிற்கும் மலையாளி நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

பொள்ளாச்சியில் என் முதல் போட்டியில் எதிராளி பிஷப்பைத் தொட்டுவிட்டுக் குதிரையை நகர்த்தினார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், அது சட்டம். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, "சார், இவர் ஆனையைத் தொட்டாருங்க" என்றேன். வாசகசாலைப் பழக்கத்தில் வந்துவிட்டது. நடுவர் கோயம்புத்தூர்க்காரர். மூலையில் இருந்த யானையைப் பார்த்தார். எதிராளி, "சத்தியமா யானையைத் தொடலைங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் மறுபடி "ஆனை, ஆனை" என்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் நான் பிஷப்பை விரலால் காட்டுவதற்குள் என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புகார் தள்ளுபடி.

சரி, ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். 2012, அதே பொள்ளாச்சி, ஒரு பள்ளி மண்டபம். ஒருநாள் போட்டி, ஏழு சுற்று, ஆளுக்கு 25 நிமிடம். 120 பேருக்கு மேல் இருந்தோம். சுவிஸ் முறை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களை மோதவிடுவது. அதில் முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு மோதும். ரேட்டிங் உள்ளவர்கள் மேலே, இல்லாதவர்கள் ஆங்கில அகரவரிசையில் அவர்களுக்குக் கீழே. என் பெயர் 'வ'வில் தொடங்குகிறது. எந்தப் போட்டியிலும் நான் கடைசிப் பக்கம்தான். அன்றைக்கு முதல் சுற்றில் எனக்கு வாய்த்தவர் கொல்லங்கோட்டிலிருந்து வந்த ஒரு மாஷ், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கும் ரேட்டிங் இல்லை. யானை எண்ட்கேமில் தட்டுத்தடுமாறி ஜெயித்தேன்.

ஏழு சுற்று முடிவில் எனக்கு ஐந்து புள்ளி. வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். பத்துப் பேருக்குப் பரிசு, பத்தாம் பரிசு 500 ரூபாயும் ஒரு சின்னக் கோப்பையும். ஐந்து புள்ளிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்ததால் புக்கோல்ஸ் பார்த்தார்கள். புக்கோல்ஸ் என்றால், நீங்கள் மோதிய ஏழு பேரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவது. பலமான ஆட்களோடு மோதியவனுக்குக் கூடுதல் வரும். எனக்குப் பதினொன்றாம் இடம். பத்தாமவருக்கும் எனக்கும் அரைப்புள்ளிதான் வித்தியாசம்.

ஒட்டியிருந்த தாளில் விரல் வைத்து ஒவ்வொரு எதிராளியாகப் பார்த்துக்கொண்டே போனேன். மாஷ் மூன்று புள்ளி. ஐந்தாம் சுற்றோடு சரி, ஆறும் ஏழும் வெறும் கோடு. போய்விட்டார்! அந்த இரண்டில் ஒன்றை ஜெயித்திருந்தால் கோப்பை எனக்கு.

விதி தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆடாத சுற்றுகளை ஃபிடே முறையில் வேறு மாதிரி மதிப்பிடுவார்கள், அப்படியே பூஜ்யமாக விடமாட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆட்டக்காரர் எடுத்த புள்ளியை மட்டும் கூட்டும்படியும் மென்பொருளில் போடலாம், அன்றைக்கு அப்படித்தான் போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் ஆனை கதைதான் ஆகியிருக்கும்.

மாஷ் ஏன் போனார் என்று விசாரித்தேன். பஸ். காலையில் தொடங்க ஒன்றரை மணி நேரம் தாமதம், மதியம் சாப்பாட்டில் இன்னொரு முக்கால் மணி. ஆறாம் சுற்று தொடங்கும்போதே இருட்டிவிட்டது. கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோடு போகும் பஸ்ஸை விட்டால் அவருக்கு வழியில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, செஸ்ஸுக்குச் சம்பந்தம் இல்லைதான். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ரயில் பாதை இருக்கிறது. மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு என்று எல்லா ஊரையும் தொட்டுக்கொண்டு போகும். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2008 கடைசியில் மூடினார்கள், 2015-இல்தான் திறந்தார்கள். எத்தனை கிலோமீட்டர்? அறுபதுகூட வராது. திறந்த பிறகாவது பழையபடி வண்டி விட்டார்களா? மீட்டர்கேஜில் ராமேஸ்வரம் வரை போன வண்டி என்ன ஆனது? முதலமடை ஆலமரத்தடியில் படம் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் அங்கே வண்டிக்காகக் காத்திருந்து பார்க்கட்டும். இந்தப் பக்கம் கேட்டால் அது கேரளா பிரச்சினை, அந்தப் பக்கம் கேட்டால் தமிழ்நாடு பிரச்சினை. எல்லையில் இருப்பவனுக்கு எல்லாமே அடுத்தவன் பிரச்சினைதான். விடுங்கள்.

ஐந்து வருடம் அந்த மாஷ் மேல் கோபமாகவே இருந்தேன். 2017-இல் பாலக்காட்டில் ஒரு குழுப் போட்டி. குழுவுக்கு நாலு பலகை, ஒரு மாற்று ஆட்டக்காரர். குழு ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. எங்கள் வாசகசாலைக்கு ஓர் ஆள் குறைந்தது. யாரோ ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பார்த்தால் அவரேதான். எனக்கு மூன்றாம் பலகை, அவருக்கு நாலு. நாள் முழுக்கத் தோளோடு தோள் உட்கார வேண்டும்.

மதியம் கட்டஞ்சாயா குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "மாஷே, அன்னைக்குப் பொள்ளாச்சியில பாதியில போனீங்களே, உங்களால என் கோப்பை போச்சு." அவருக்குப் புக்கோல்ஸ் என்ற சொல்லே தெரியவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணக்கைச் சரிபார்த்தார். கணக்கு வாத்தியார் வேறு. அப்புறம் பாலக்காட்டுத் தமிழில் நிதானமாகச் சொன்னார்: "அப்போ தப்பு உன்னோடதாக்கும். நீ என்னை ஜெயிச்சிருக்கப்டாது. அந்த ஒரு பாயிண்ட் எனக்கு விட்டுக் கொடுத்திருந்தா எனக்கு நாலு ஆயிருக்கும், உன் புக்கோல்ஸ் ஏறியிருக்கும்." அப்போது என்னிடம் ஐந்து இருந்திருக்காதே என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் அடுத்த சுற்றுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

அந்தச் சுற்றில் நாங்கள் 2-1 முன்னிலை, மாஷ் ஆட்டம் மட்டும் பாக்கி. அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் நேரம் இல்லை. குழுத் தலைவர் 'டிரா கேட்கலாம்' என்று ஆட்டக்காரரிடம் சொல்வதற்கு அனுமதி உண்டு, நிலைமையைப் பற்றித்தான் பேசக் கூடாது. எங்கள் தலைவர் சொன்னார். மாஷ் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடினார், தோற்றார். 2-2. பஸ் நேரம் தாண்டியும் அன்றைக்கு அவர் கிளம்பவில்லை. ராத்திரி என் வண்டியில்தான் கொல்லங்கோட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அந்த சிப்பாய் எண்ட்கேமையே பேசிக்கொண்டு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சத்தமாகவே சொல்வேன். 2019-இல் திருச்சூரில் ஒரு ஒருநாள் போட்டி. மைத்துனர் வீட்டில் சீர் இருந்தது. ஐந்து சுற்று முடிந்ததும் கிளம்பிவிட்டேன், நடுவரிடம் சொல்லக்கூட இல்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன். மாஷ்தான், அவரும் அந்தப் போட்டியில் ஆடினார். "முதல் ரவுண்டுல உன்னை ஜெயிச்சானே ஒரு பையன், அவனுக்குப் பதினாறாவது இடம். பிரைஸ் பதினஞ்சு வரைக்கும்." நான் ஒன்றும் பேசவில்லை. "உன் பேரை நான் சொல்லலை. ஆனா அவன் அப்பாவுக்கு செஸ்-ரிசல்ட்ஸ் வெப்சைட்ல முடிவெல்லாம் பார்க்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் எச்சில் இலையில் பாயசம் அப்படியே இருந்தது.

உங்கள் கேள்விக்குப் பயனுள்ளதாக நாலு வார்த்தை. பாதியில் போக வேண்டியிருந்தால் போங்கள், யாருக்குத்தான் வேலை இல்லை. ஆனால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அடுத்த சுற்றிலும் உங்கள் பெயரைப் போட்டு, எதிரே ஒரு குழந்தை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும். கைபேசியை வண்டியிலேயே பூட்டி வையுங்கள், ஆடும்போது உங்களிடம் இருப்பதைக் கண்டுபிடித்தால் ஆட்டம் போச்சு. ஓப்பன் போட்டி என்றால் எந்த மாநிலத்துக்காரரும் ஆடலாம். மாவட்டச் சாம்பியன்ஷிப் வேறு, அதற்கு அந்த மாவட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். ரேட்டிங் வேண்டுமென்றால் ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் முடிக்க வேண்டியதில்லை, 26 மாதத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். முதல் போட்டியில் முழுப் பூஜ்யம் வாங்கினால் அது கணக்கிலேயே வராது, பயப்படாதீர்கள்.

2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் பக்கத்து மண்டபங்களில் பிள்ளைகள் கூட்டம்தான். 38 வயதுக்காரர் வந்தால் முதலில் யாருடைய அப்பா என்று கேட்டு வெளியே நிற்கச் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாமல் நுழைவுச் சீட்டைக் காட்டுங்கள்.

பல இடங்களில் பலகையும் கடிகாரமும் நாமே கொண்டுபோக வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் என்னிடம் இரண்டு செட் இருக்கிறது, கோபாலபுரம் எனக்கு வழிதான். உங்கள் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.