'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் உங்களுக்கு மிகவும் பிடித்த எபிசோடுகள் எவை? ஏன்?

ஆறாவது சீசனின் முதல் ஆறு எபிசோடுகள். 1997 செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை, வாரத்துக்கு ஒன்றாக ஒளிபரப்பானவை. 1993 முதல் 1999 வரை 176 எபிசோடுகள் ஓடிய இந்த அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் இந்த ஆறையும் நான் ஒரே கதையாகத்தான் பார்க்கிறேன். முழுக்கதையையும் சொல்லாமல் காரணம் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

இந்த ஆறு எபிசோடுகளைப் பற்றிப் பேசும் பலரும் கடைசியில் வரும் விண்கப்பல் சண்டையைத்தான் சொல்வார்கள். சண்டை நன்றாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு இது போர்க்கதையாக முக்கியமில்லை. தோற்றுப்போன ஊரில், எதிரியின் நிர்வாகத்தின் கீழ், காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களின் கதையாகத்தான் முக்கியம். அந்த வாழ்க்கையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இன்னொரு ஸ்டார் டிரெக் கதையை நான் பார்த்ததில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஜோர் என்ற கிரகத்தை கார்டாசியர்கள் சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆக்கிரமித்திருந்தார்கள். அவர்கள் வெளியேறிய பிறகு, பேஜோர் மக்களை அடிமைகளாக வைத்துத் தாது பிரித்த அவர்களுடைய விண்வெளி நிலையத்தை, பூமியும் சேர்ந்த கிரகக் கூட்டமைப்பான ஃபெடரேஷன் பொறுப்பேற்று நடத்துகிறது. தளபதி பெஞ்சமின் சிஸ்கோ. பக்கத்திலேயே எழுபதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் கொண்டுபோய்விடும் ஒரு புழுத்துளை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் டொமினியன் என்ற பேரரசு கார்டாசியர்களோடு கூட்டுச் சேர்கிறது. ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடான 'கால் டு ஆர்ம்ஸ்' முடியும்போது, சிஸ்கோ புழுத்துளையின் வாயில் கண்ணிவெடிகளைப் பரப்பிவிட்டு நிலையத்தைக் கைவிட்டுப் போகிறார். ஒன்று வெடித்தால் இன்னொன்று அதன் இடத்துக்குத் தானே உருவாகும் வெடிகள் அவை. பேஜோர் அழியக்கூடாது என்பதற்காக, டொமினியனோடு போர் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும்படி அவரே அந்த அரசுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். மேஜையில் தன் பேஸ்பால் பந்தை விட்டுவிட்டுப் போகிறார். பழைய ஆக்கிரமிப்பின் கடைசி நிர்வாகியாக இருந்த குல் டுகாட், தன் பழைய அறைக்குத் திரும்பி வந்து அந்தப் பந்தைப் பார்க்கிறான். நான் திரும்பி வருவேன் என்று சிஸ்கோ சொல்லிவிட்டுப் போயிருப்பது அவனுக்குப் புரிகிறது.

ஆறாம் சீசன் மூன்று மாதம் கழித்துத் தொடங்குகிறது. முதல் எபிசோடிலேயே ஒரு செய்தி வருகிறது: ஏழாவது கப்பற்படையின் 112 கப்பல்களில் திரும்பி வந்தவை 14. ஃபெடரேஷன் எப்போதும் ஜெயிக்கும் என்று பழகிப்போன ரசிகர்களுக்கு இது பெரிய அடி.

இப்போது இரண்டாவது எபிசோடான 'ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்'. ரொனால்ட் டி. மூர் எழுதி, மைக் வேஹார் இயக்கியது. இந்த ஆறில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

இதில் நிலையத்தின் பேஜோர் அதிகாரி கீரா நெரிஸின் காலைப்பொழுதை நமக்குக் காட்டுகிறார்கள். கீரா யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பதிமூன்று வயதில் கார்டாசியர்களுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவள். தொடர் முழுக்க அடங்காத கோபத்தோடு இருப்பவள். அவள் எழுகிறாள், கண்ணாடி பார்க்கிறாள், சீருடையைச் சரிசெய்கிறாள். எதிரிப் படையினர் நிற்கும் லிஃப்டில் ஏறுகிறாள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் காபி கொடுக்கிறார். சாதாரண அலுவலகக் காலை. எந்த வன்முறையும் இல்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

அப்புறம் வேடெக் யாசிம் என்ற பெண் துறவி வந்து, டொமினியனை எதிர்த்துக் குரல் கொடுக்கப்போகிறோம் என்கிறார். கீரா அவரைத் தடுக்கப் பார்க்கிறாள். பேஜோர் இப்போது பிழைத்திருப்பதே பெரிய விஷயம், அமைதியைக் கெடுக்காதீர்கள் என்கிறாள். அவள் சொல்வதில் தவறே இல்லை. சிஸ்கோவின் திட்டமும் அதுதான். ஒவ்வொரு வாதமும் நியாயமாக இருக்கிறது. ஆனால் அத்தனை நியாயங்களையும் கூட்டிப் பார்த்தால், அவள் எதிரிக்காக அமைதி காக்கும் அதிகாரியாக மாறியிருக்கிறாள். மறுநாள் எல்லாரும் நடமாடும் கடைவீதியின் மேல்தளத்தில் யாசிம் கழுத்தில் கயிறோடு நிற்கிறார். தீமையை எதிர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குதிக்கிறார்.

அதற்கடுத்த காலையில் அதே கண்ணாடி, அதே லிஃப்ட், அதே காபி. கிட்டத்தட்ட அதே காட்சிகள். நானா விசிட்டரின் முகம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தன்னைச் சுற்றி நிற்பவர்களை அவள் அன்றுதான் பார்க்கிறாள். பிறகு நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி ஓடோவிடம் போய், இப்படி எதிரியோடு ஒத்துப்போனவர்களை நான் ஒருகாலத்தில் வெறுத்தவள், இன்று நானே அப்படி ஆகிவிட்டேன் என்கிறாள். நிலையத்துக்குள் எதிர்ப்புக்குழு உருவாவது அங்கிருந்துதான். இந்த மாற்றத்துக்கு நீளமான வசனம் எழுதாமல் ஒரு காலைப்பொழுதைத் திரும்பக் காட்டியதற்காகவே மூரையும் வேஹாரையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அதே எபிசோடின் மறுபாதி ஒரு பாலைக் கிரகத்தில் நடக்கிறது. சிஸ்கோவின் ஆட்கள் விபத்தில் அங்கே இறங்கியிருக்கிறார்கள். அதே கிரகத்தில் டொமினியனின் ஜெம்ஹதார் வீரர்களும் மாட்டியிருக்கிறார்கள். 'ஒயிட்' என்ற போதைமருந்து இல்லாமல் உயிர் வாழ முடியாதபடி உருவாக்கப்பட்ட வீரர்கள் இவர்கள். அவர்களின் மேலாளன் கீவனிடம் மருந்து தீரப்போகிறது. தீர்ந்தால் அவர்கள் வெறிபிடித்து எல்லாரையும் கொல்வார்கள், தன்னையும் சேர்த்து. அதனால் தன் வீரர்கள் வரப்போகும் வழியை எதிரிக்கே காட்டிக்கொடுத்து, அவர்களைச் சாகவிட்டுத் தான் பிழைக்கத் திட்டம் போடுகிறான். அவர்களின் தலைவன் ரெமாட்டாக்லானை நேரில் சந்தித்துச் சரணடையச் சொல்கிறார் சிஸ்கோ. அவனுக்குத் துரோகம் ஏற்கெனவே புரிந்திருக்கிறது. ஆனாலும் மறுக்கிறான். விட்டுக்கொடுக்க இந்த உயிர் என்னுடையதில்லை, எப்போதும் என்னுடையதாக இருந்ததில்லை என்பதுதான் அவன் பதில். ஃபில் மாரிஸ் அதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். அடுத்து நடப்பது சண்டையே இல்லை, படுகொலை. அதைச் செய்வது நம் நாயகர்கள்.

மேலே நிலையத்தில் கீழ்ப்படியப் பழகிக்கொண்டிருக்கும் ஒருத்தி, கீழே கிரகத்தில் கீழ்ப்படிவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒருவன். இரண்டு கதையையும் ஒரே எபிசோடில் வைத்ததன் அர்த்தம் எனக்கு இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பிடிபட்டது. அவளுக்கு இன்னும் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது, 'சன்ஸ் அண்ட் டாட்டர்ஸ்', ஆறில் பலவீனமானது. சிஸ்கோவின் கிளிங்கான் இனத்து அதிகாரி வோர்ஃபின் மகன் அலெக்ஸாண்டர் கிளிங்கான் கப்பலில் சேரும் கதை அவசரமாக முடிகிறது. ஆனால் நிலையத்தில் டுகாட்டின் மகள் ஸியால் திரும்பி வருவதும், அவளை வைத்து டுகாட் கீராவிடம் நெருங்கப் பார்ப்பதும் இதில்தான் இருப்பதால் தாண்டிப்போக முடியாது.

நான்காவதான 'பிஹைண்ட் தி லைன்ஸ்', நடிகர் லெவார் பர்ட்டன் இயக்கியது. கண்ணிவெடிகளைச் செயலிழக்க வைக்க எதிரி ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறான். அதைக் கெடுக்க எதிர்ப்புக்குழுவைச் சேர்ந்த ராம் உள்ளே போக வேண்டும். எச்சரிக்கை மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வது ஓடோவின் பொறுப்பு. ஓடோ உருமாறும் இனத்தவன். டொமினியனை ஆள்வதும் அதே இனம்தான். அவர்களில் ஒரு பெண் அவனைத் தேடி வந்து, தங்கள் இனத்தார் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகும் அனுபவத்தைக் கொடுக்கிறாள். வாழ்நாள் முழுக்கத் தனியாக இருந்தவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. அவன் அதில் மூழ்கியிருக்கும்போது மணி அடிக்கிறது. ராம் பிடிபடுகிறான், மரண தண்டனை விதிக்கப்படுகிறது. கீரா வந்து கத்தும்போது ஓடோவிடம் குற்ற உணர்ச்சிகூட இல்லை. இதெல்லாம் இப்போது தனக்குச் சம்பந்தமில்லாத உலகம் என்பதுபோல் பேசுகிறான். ரெனே ஓபர்ஜுனுவாவின் முகம் முழுக்க ஒப்பனைக்குள் மறைந்திருக்கிறது, கண்ணும் குரலும் மட்டும்தான் அவருக்குக் கிடைத்த கருவிகள். ஒரு நல்ல மனிதன் நம்மை விட்டு எங்கோ போய்விட்டான் என்பதை அவற்றை மட்டும் வைத்தே உணர்த்திவிடுகிறார். 2019 டிசம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிதான்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இவ்வளவு பெரிய துரோகத்துக்குப் பிறகு கீராவும் ஓடோவும் சமாதானமாகும் பேச்சு அடுத்த கதையில் திரைக்கு வெளியே நடந்துவிடுகிறது. ஒரு அலமாரி அறைக்குள் இரவெல்லாம் பேசினார்கள் என்று நமக்குத் தகவல்தான் வருகிறது. அந்தப் பேச்சை எழுதியிருக்க வேண்டும்.

கடைசி இரண்டும் ('ஃபேவர் தி போல்ட்', 'சாக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்') நிலையத்தை மீட்கும் கதை. இரண்டையும் எழுதியவர்கள் தொடரின் தலைமை எழுத்தாளர் ஐரா ஸ்டீவன் பேரும் ஹான்ஸ் பைம்லரும். சுமார் அறுநூறு ஃபெடரேஷன் கப்பல்கள், எதிரில் 1254. அதுவரை ஸ்டார் டிரெக் தொலைக்காட்சிக் கதைகளில் இத்தனை கப்பல்களை ஒரே சட்டகத்தில் பார்த்தது கிடையாது. கையால் செய்த மாதிரிக் கப்பல்களைப் படம் பிடிப்பதிலிருந்து கணினி வரைகலைக்கு அந்தத் தொடர் நகர்ந்துகொண்டிருந்த காலம் அது.

எதிர்ப்புக்குழு தடுக்கச் சில நொடி தாமதமாகிவிட, கண்ணிவெடிகள் அழிகின்றன. சிஸ்கோ தனிக் கப்பலில் புழுத்துளைக்குள் நுழைகிறார். எதிரே 2800 டொமினியன் கப்பல்கள். அங்கே வாழும் காலம் கடந்த உயிர்கள், பேஜோர் மக்கள் தீர்க்கதரிசிகள் என்று வணங்குபவர்கள், அந்தப் படையை மறைந்துபோகச் செய்கிறார்கள். கதாசிரியர்கள் வேறு வழியில்லாமல் தெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பலர் குறை சொல்வதைப் படித்திருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1993இல் வந்த முதல் எபிசோடே சிஸ்கோ அவர்களைச் சந்திப்பதுதான். சாகத் துணிந்து வந்தவரை அவர்கள் சாகவிட மறுக்கிறார்கள். பேஜோர் மீது அக்கறை இருப்பதாகச் சொல்கிறீர்களே, அப்படியென்றால் காப்பாற்றுங்கள் என்று சிஸ்கோ அவர்களிடமே சண்டை போடுகிறார். அவர்களும் விலை கேட்கிறார்கள்: நீ பேஜோரைச் சேர்ந்தவன், ஆனால் அங்கே உனக்கு ஓய்வு கிடைக்காது. 1999இல் தொடர் முடியும்போது அந்த விலையை அவர் கொடுக்கிறார்.

வெற்றி கிடைத்தாலும் கொண்டாட மனம் வராமல் செய்வது டுகாட்தான். சண்டை நடக்கும்போதே டொமினியனின் பிரதிநிதி வேயூனிடம் அவன் புலம்புகிறான்: பேஜோர் மக்களைச் சொந்தப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டேனே, எனக்கு அங்கே ஒரு சிலையாவது உண்டா? மார்க் அலைமோ அதை உண்மையான மனவலியோடு சொல்வதால்தான் பயமாக இருக்கிறது. கொன்றவன் கொல்லப்பட்டவர்களிடமே நன்றியை எதிர்பார்க்கிறான். நிலையத்தைக் காலிசெய்யும் நேரத்தில் அவன் மகள் ஸியால், கீராவுக்கு உதவியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு உடன் வர மறுக்கிறாள். அதைக் கேட்ட அவன் உதவியாளன் டமார் அவளைச் சுட்டுவிடுகிறான். டுகாட்டின் புத்தி கலங்குகிறது. சிஸ்கோ உள்ளே வரும்போது அந்தப் பேஸ்பால் பந்தை அவர் கையில் கொடுத்து, உன்னையும் மன்னிக்கிறேன் என்கிறான்.

சுட்ட டமார் சாதாரணக் கையாளாகத்தான் அப்போது தெரிவான். ஏழாம் சீசனில் அவனே டொமினியனுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கிறான். எதிர்ப்பு இயக்கம் நடத்த அவனுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவள் கீரா! கேசி பிக்ஸின் நடிப்பை அந்தக் கோணத்தில் மறுபடி பார்த்தால், இந்த ஆறிலேயே அவர் அதற்கு விதை போட்டிருப்பது தெரியும்.

இன்றைக்குத் தொலைக்காட்சித் தொடர்கள் ஒரே தொடர்கதையாகப் போவது வழக்கம். அன்று அப்படி இல்லை. இந்தத் தொடர் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனித்தனித் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டது. ஒரு வாரம் தவறவிட்டவருக்கும் அடுத்த வாரம் புரிய வேண்டும் என்பதால் தனித்தனிக் கதைகளைத்தான் விரும்பினார்கள். அந்தச் சூழலில் ஆறு வாரம் ஒரே கதை சொல்லத் துணிவு வேண்டும். மூர் பின்னாளில் புதிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை உருவாக்கினார். இந்த மூன்றாவது எபிசோடை எழுதிய டேவிட் வெடிலும் பிராட்லி தாம்சனும் அங்கேயும் எழுதினார்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: முதல் எபிசோடான 'எமிசரி', இரண்டாம் சீசனின் கடைசி, ஐந்தாம் சீசனின் நடுவில் வரும் 'இன் பர்கேட்டரிஸ் ஷேடோ', 'பை இன்ஃபெர்னோஸ் லைட்' இரண்டும், பிறகு 'கால் டு ஆர்ம்ஸ்'. இவ்வளவு பார்த்துவிட்டால் இந்த ஆறும் புரியும். படத்தின் தெளிவு குறைவாகத்தான் இருக்கும். ஃபிலிமில் எடுத்து வீடியோவில் முடித்த தொடர் என்பதால், இதற்கு முந்தைய ஸ்டார் டிரெக் தொடரைப் போல ஃபிலிமிலிருந்து புதுப்பித்து இதை முழுதாக வெளியிடவில்லை. முடித்த கையோடு அதே சீசனின் 'இன் தி பேல் மூன்லைட்'டையும் பார்த்துவிடுங்கள். போரில் ஜெயிக்க சிஸ்கோ எதையெல்லாம் செய்யத் துணிகிறார் என்பது அதில் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.