என்ஜின் நின்றால் விமானம் கல்லாக விழுமா?

(சிறு விமானங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஒரு பயிற்றுநரின் பதில்கள்)

கேள்வி: என் மகள் விமானம் ஓட்டப் பழகுகிறாள். அதில் இருப்பது ஒரே ஒரு என்ஜின். நடுவானில் அது நின்றுவிட்டால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதா? நினைத்தாலே தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

விழாது அம்மா. விமானத்தைத் தாங்குவது இறக்கையைச் சுற்றி ஓடும் காற்று. அதற்கு வேகம் வேண்டும், அவ்வளவுதான். என்ஜின் நின்றபின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, இருக்கிற உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்கிறோம். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172, காற்று வீசாத நேரத்தில், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிப் போகும். 3,000 அடியில் என்ஜின் நின்றால் சுமார் 8 கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடமும் கையில் இருக்கும்.

அந்த நான்கு நிமிடத்தில் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வேகம்: அந்த விமானத்தில் மாடலைப் பொறுத்து 65 முதல் 68 நாட் (மணிக்குச் சுமார் 120 முதல் 126 கிலோமீட்டர்). அடுத்து, இறங்க ஓர் இடம். அதன்பிறகுதான் காரணம் தேடுவது: பெட்ரோல் வால்வு எந்த டேங்கில் நிற்கிறது, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவை நெம்புகோல், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சாவி எல்லாம் சரியா என்று. ரேடியோவில் ‘மேடே’ என்று ஆபத்து அழைப்பு சொல்வது இவற்றுக்கெல்லாம் பிறகு. நான் பாடம் நடத்தும்போது சொல்லாமல் கொள்ளாமல் என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுத்துக் குறைத்துவிட்டு, “இப்போது எங்கே இறங்குவீர்கள்?” என்று கேட்பேன். உங்கள் மகளிடமும் கேட்டிருப்பார்கள். அவரிடமே விசாரித்துப் பாருங்கள், உங்களுக்குத் தெம்பு வரும்.

கேள்வி: கிளம்பிய உடனே என்ஜின் நின்றால், பின்னால் இருக்கும் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாமே? ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், உயிர்கள் போவது இங்கேதான். 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதை நேரே வந்துவிடும் என்று தோன்றும். வராது. திரும்பும்போதே விமானம் பக்கவாட்டில் விலகியிருக்கும். மேலும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் நேராக்க முடியும். இதற்கிடையில் உயரம் கரைகிறது. தரை நெருங்குகிறதே என்று விமானி மூக்கைத் தூக்குவார், இன்னும் சாய்த்துத் திருப்புவார். 45 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பப் பார்த்தால், எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்குமோ (இதுதான் ‘ஸ்டால்’), அந்த வேகம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடிவிடுகிறது. அங்கே ‘ஸ்டால்’ ஆனால் மீள உயரம் கிடையாது.

போதுமான உயரம் இல்லையென்றால் நேரே முன்னால், கொஞ்சம் இடமோ வலமோ, கிடைத்த வெளியில் இறக்குங்கள். விமானம் உடைந்தால் உடையட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் தரையைத் தொட்டு ஒரே சீராக 3 மீட்டருக்குள் நின்றால்கூட, உடல் மீது வரும் விசை புவியீர்ப்பைப் போல 9 மடங்குக்குள்தான். பெல்ட் போட்டவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். 160-இல் அதே விசையில் நிற்க 11 மீட்டருக்கு மேல் தேவை. அதனால்தான் காற்றை எதிர்த்து, கட்டுப்பாடு போகாத அளவுக்கு மெதுவாக இறங்கு என்று ஓயாமல் சொல்கிறோம்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் ஏன் நிற்கிறது?

பல தடவை பெட்ரோல்தான். தீர்ந்திருக்கும், அல்லது ஒரு டேங்க் காலியாகி மற்றதற்கு மாற்றியிருக்க மாட்டார்கள். அடுத்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி: வெளியே 20 டிகிரி இருந்தாலும் காற்று ஈரமாக இருந்தால் உள்ளே உறையும். அதற்கென்றே சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழ் இருக்கிறது. அபூர்வமாக இயந்திரக் கோளாறும் உண்டு. 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய ரயன் நிறுவனத்தின் பழைய விமானம் அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் கிளம்பிய சற்று நேரத்தில் சக்தி இழந்தது. அவர் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ‘ஜெட்’ என்ற சிறு துளைத் திருகு கழன்றிருந்ததாக விசாரணையில் தெரிந்தது. விமானத்தில் தோள் பெல்ட் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்ததால் காயம் கடுமையானது என்றும் சொன்னார்கள்.

கேள்வி: பக்கத்து இருக்கையில் பயணியாக இருந்தால் நான் என்ன செய்யலாம்?

தோள் பெல்ட்டை இறுக்குங்கள். கண்ணாடி, பேனா மாதிரியானவற்றைக் கழற்றி வையுங்கள். விமானி சொன்னால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள். சட்டகம் நெளிந்தால் அப்புறம் திறக்காது. மற்ற நேரம் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். விமானம் நின்றதும் இறங்கி, தள்ளிப் போங்கள்.