கிரேக்க, ரோமானிய ஆய்வில் இனி கண்டறிய என்ன மிச்சம்?

கிரேக்கக் கவி ஹோமரும் ரோமானியக் கவி வெர்ஜிலும் எப்போதோ அச்சேறி உரைகளும் வந்துவிட்ட பிறகு இத்துறையில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காவியங்கள் மட்டுமே இத்துறை என்று கொண்டால் கேள்வி நியாயமானதுதான். ஆனால், மண்ணுக்கடியிலிருந்து புதிய எழுத்துகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. என்னை இத்துறையில் ஈர்த்து வைத்திருப்பவையும் அவைதான்.

வட இங்கிலாந்தில், ரோமப் பேரரசின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் தொல்லியலாளர் ராபின் பர்லி 1973-இல் அகழ்ந்தபோது, மையால் எழுதப்பட்ட மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்தன. காற்றுப் புகாத ஈரமண் அவற்றை ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் மக்கவிடாமல் காத்திருந்தது. மங்கிப்போன எழுத்தை அகச்சிவப்புப் புகைப்படங்கள் மீட்டுத் தந்தபோதும், கல்வெட்டுகளின் எழுத்தோடு சிறிதும் ஒட்டாத அந்த விரைவுக் கையெழுத்தை அறிஞர்கள் ஆலன் போமனும் டேவிட் தாமஸும் எழுத்தெழுத்தாகப் பழகித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அவற்றுள் ஒன்று, கிளாடியா செவேரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவியான சுல்பிசியா லெபிடினாவைச் செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு அழைக்கும் கடிதம். கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்க, முடிவில் வேறொரு கையெழுத்து, அவ்வளவு நேர்த்தியில்லாமல், ‘சகோதரி, உன்னை எதிர்பார்த்திருப்பேன்’ என்று தொடங்கி ‘என் உயிரே’ என்று அழைத்து விடைபெறுகிறது. அது செவேராவே எழுதியது என்பது அறிஞர்களின் கருத்து. எல்லைப்புறக் கோட்டைகளில் வாழ்ந்த பெண்களின் நட்பைப் பற்றி எந்த ரோமானிய வரலாற்றாசிரியரும் நமக்கு இப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு சீவலில் வெர்ஜிலின் ‘ஈனியட்’ ஒன்பதாம் காண்டத்து வரி ஒன்று எழுத்துப் பயிற்சி போலக் காணப்படுகிறது. ரைன் முகத்துவாரத்துப் பட்டாவியர்களைக் கொண்ட படை தங்கியிருந்த இடத்தில், பேரரசின் விளிம்பில், யாரோ அக்காவியத்தை எழுதிப் பழகியிருக்கிறார்கள் என்றால், நாம் முழுவதும் அறிந்ததாக எண்ணும் வெர்ஜிலைப் பற்றியே அது புதிதாக ஒன்றைச் சொல்கிறது.

எகிப்தின் பழைய நகரான ஆக்சிரிங்கஸின் குப்பைமேடுகளில் 1896 முதல் எடுக்கப்பட்ட பாப்பிரஸ் (நாணல்வகைச் செடியில் செய்த தாள்) துண்டுகளில் பெரும்பகுதி இன்னும் பதிப்பிக்கப்படவில்லை. (நம் முசிறியோடு நடந்த வணிகத்தின் கடன் ஒப்பந்தம் பற்றிய பாப்பிரஸ் கூட 1985-இல்தான் வெளியானது.) வெசூவியஸ் எரிமலை கரியாக்கிய, ஹெர்குலேனியம் என்ற ரோமானிய நகரின் பாப்பிரஸ் சுருள்களை விரிக்காமலே எக்ஸ்ரே கொண்டு படிக்கும் பணி இப்போதுதான் பலன் தரத் தொடங்கியிருக்கிறது.

ஆர்வமிருந்தால் விண்டோலாண்டாவிலிருந்தே தொடங்குங்கள். படங்களும் இலத்தீன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.